1,800 ரூபாய் வாங்கிய இதழும், பைசா வாங்காமல் 13 மாதம் இழுத்த இதழும்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் என் கட்டுரையைப் போட்ட ஆய்வு இதழுக்கு ஐந்துக்குச் சைபர். ஒரு பைசாகூட வாங்காமல் பதின்மூன்று மாதம் இழுத்தடித்த வெளிநாட்டு இதழுக்கு ஐந்துக்கு நாலு. அந்த ஒரு மார்க்கை ஏன் குறைத்தேன் என்பது கடைசியில் வரும், அது என் அப்பா சம்பந்தப்பட்ட விஷயம்.

மிக்ஸி வாங்கினால் ரிவ்யூ எழுதுகிறோம், பிரியாணி பார்சலில் லெக் பீஸ் வரவில்லை என்றால்கூட ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டுகிறோம், ஆனால் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் கடைகளைப் பற்றி ஒருத்தரும் எழுதுவதில்லை. ஏமாந்தவர்களுக்கு வெட்கம், அதுதான் காரணம். எனக்கும் ஒரு வருடத்துக்கு மேல் வெட்கமாகத்தான் இருந்தது.

நான் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரியில், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்து 2024-இல் முடித்தேன். கடைசி வருடம் மீடியா பாடம் எடுத்த மேம், டிவியைப் பற்றி ஏதாவது எழுதிக் கொண்டு வாங்க என்றார். வகுப்பே சிரித்தது. ஷேக்ஸ்பியர் எழுதிவிட்டு மாமியார் மருமகள் சண்டைக்கா கட்டுரை? மேம் சிரிக்கவில்லை. “பத்து வருஷமா தினமும் பார்க்கறீங்க, அதைப் பத்திச் சொல்ல உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?” என்றார். எனக்கு அது சுருக்கென்று இருந்தது, ஏனென்றால் உண்மையிலேயே என்னிடம் ஒன்றும் இல்லை.

தொலைக்காட்சி ஆய்வு என்று தனித் துறையே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ரேமண்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர், கப்பலில் ஒரு வாரம் பயணம் செய்த கிறுகிறுப்போடு மயாமியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து அமெரிக்க டிவி பார்த்திருக்கிறார். படம் ஓடுகிறது, நடுவில் விளம்பரம், நடுவில் வேறு படங்களின் ட்ரெய்லர், எது எதில் முடிகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் ‘ஃப்ளோ’ என்ற சொல்லைப் பிடித்து 1974-இல் எழுதினார். டிவியில் நாம் பார்ப்பது தனித்தனி நிகழ்ச்சிகளை அல்ல, நிற்காமல் ஓடும் ஒரே ஓட்டத்தை என்பது அவர் வாதம். இதை மேம் சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டுச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது, ஆறு மணிக்குப் போட்டால் பத்தரைக்குத்தான் அணைப்பது.

சரி, முதல் கட்டுரைக் கதை.

அது 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்த இலவசக் கலர் டிவி பற்றியது. அந்த 14 இன்ச் டிவி வந்தபோது நான் சின்னக் குழந்தை, ஆனால் அது வந்த நாளைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது, அதையெல்லாம் கேட்டு எழுதினேன். மேம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த வாரமே சீனியர் அண்ணா ஒருவர் வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் ஃபார்வர்டு செய்தார். சர்வதேச இதழ், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, நிபுணர்கள் பரிசீலனை உண்டு, 72 மணி நேரத்தில் வெளியீடு, சான்றிதழ் இலவசம், கட்டணம் 1,800 மட்டும். ‘மட்டும்’ என்பதை நாலு ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தார்கள். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜி-பே செய்தேன். திங்கட்கிழமை காலை லிங்க் வந்துவிட்டது. தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழ், அதில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. பரவாயில்லை என்று கட்டுரையைத் திறந்து படித்துக்கொண்டே போனால் நாலாவது பக்கத்தில், பத்திக்கு நடுவில், நான் எனக்காக எழுதி வைத்து அழிக்க மறந்த வரி அப்படியே அச்சாகியிருக்கிறது. ஆங்கில எழுத்தில், ‘இத மேம்கிட்ட கேக்கணும்’ என்று. நிபுணர்கள் பரிசீலித்து, ஆசிரியர் குழு ஒப்புதல் கொடுத்து, சர்வதேச அளவில் வெளியிட்ட வரி அது.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போன் செய்து திருத்தச் சொன்னேன், திருத்தத்துக்கு 500 ரூபாய் என்றார்கள்.

காசுகூடப் போகட்டும். பெரிய நஷ்டம் வேறு. ஒரு இடத்தில் வெளியான கட்டுரையை வேறு எந்த நல்ல இதழும் தொடாது. ‘இது வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை’ என்று உறுதி சொன்னால்தான் ஃபார்மே நகரும். அதனால் தெருவில் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கி எழுதிய அந்தக் கட்டுரை, மேம்கிட்ட கேட்க வேண்டிய அந்த வரியோடு, அங்கேயே மாட்டிக்கொண்டது. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். அது எட்டு இலக்க எண், தொடர்ந்து வரும் எந்த வெளியீட்டுக்கும் கொடுப்பது, இது இன்ன இதழ் என்று அடையாளம் காட்ட மட்டும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியுமா என்று நம்பர் பிளேட் சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வேறு 2019-இல் கேர் என்று ஒரு பட்டியல் கொண்டு வந்தது, நல்ல இதழ்களை அடையாளம் காட்ட. அந்தப் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், இனி நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்று. எனவே நாம்தான் பார்க்க வேண்டும். நான் இப்போது செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை, அந்த இதழில் ஏற்கெனவே வந்த இரண்டு கட்டுரைகளை முழுசாகப் படிப்பது. அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், யாராவது படித்துவிட்டுத்தான் போட்டார்களா இல்லையா என்று. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் ஆள், தன் கல்லூரிப் பக்கத்தில் இந்த இதழைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்றும் பார்ப்பேன்.

இப்போது நாலு மார்க் வாங்கிய இதழுக்கு வருகிறேன்.

டிவி ஆய்வுக்குப் பெரிய இதழ்கள் இருக்கின்றன, 2000-இல் தொடங்கிய ‘டெலிவிஷன் அண்ட் நியூ மீடியா’, 2006-இல் தொடங்கிய ‘கிரிட்டிகல் ஸ்டடீஸ் இன் டெலிவிஷன்’ மாதிரி. அங்கெல்லாம் எழுதுகிறவர்கள் பேராசிரியர்கள், பிஎச்.டி. செய்கிறவர்கள். இளங்கலை மாணவர்களுக்கென்றே இருப்பவை தனி. வார்விக் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கி, பிறகு ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ‘ரீஇன்வென்ஷன்’ எல்லாப் பாடத்துக்கும் இடம் தருகிறது, கட்டணம் கிடையாது. சினிமா பக்கம் சாய்வு இருந்தால் 2010-இல் தொடங்கிய ‘ஃபிலிம் மேட்டர்ஸ்’ இருக்கிறது. நான் அனுப்பியது இவை எதுவும் இல்லை, இன்னும் சின்னது. பெயர் சொல்லப் போவதில்லை, திட்டவும் போகிறேன் அல்லவா.

இரண்டாவது கட்டுரையின் பொருள் என் அத்தை. வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் மாவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு, அந்தப் பக்கம் போனால் ஆந்திரா எல்லையும் கர்நாடகா எல்லையும் கைக்கெட்டும் தூரம், வீட்டுக்குள் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், வேலைக்குப் போனால் கன்னடம் என்பது அங்கே யாருக்கும் அதிசயம் இல்லை. 1993-இல் சன், 94-இல் உதயா, 95-இல் ஜெமினி என்று மூன்று மொழிக்கும் தனியார் சேனல்கள் வரிசையாக வந்ததில் இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் மூன்று மடங்கு டிவி. அத்தை மதியம் தெலுங்கு சீரியல், ராத்திரி தமிழ் சீரியல். எந்த நேரத்துக்கு எந்த மொழி, ஏன் என்பதுதான் கட்டுரை. 2024 ஜூனில் அனுப்பினேன். படிப்பு முடிந்திருந்தாலும் படிக்கும்போது எழுதியது என்று ஒரு பெட்டியில் டிக் போட்டால் எடுத்துக்கொள்கிறார்கள்.

அனுப்புவது ஐந்து படி. எனக்கு ஐந்து நாள் ஆனது. எழுதியவர் யார் என்று பரிசீலிப்பவருக்குத் தெரியக்கூடாது, பரிசீலிப்பவர் யார் என்று நமக்கும் தெரியாது, அதனால் கட்டுரையில் பெயர், கல்லூரி, நன்றியுரை எதுவும் இருக்கக்கூடாது. எல்லாம் எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. வேர்ட் ஃபைலின் ப்ராப்பர்டீஸில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, நீக்கி அனுப்பவும் என்று. திறந்து பார்த்தால் ஆசிரியர்: சிஸ்டம்-4. நான் டைப் செய்த நெட் சென்டரின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டர். அதே நெட் சென்டரில்தான் அத்தை பேசிய வாக்கியங்களைத் தமிழில் டைப் செய்து கொடுத்தார்கள், பாமினி ஃபான்ட்டில். அது அங்கே போய்ச் சேர்ந்தபோது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறியிருந்தது. நெட் சென்டர் அண்ணாவிடம் சொன்னால், “என் சிஸ்டத்துல நல்லாத்தானே தெரியுது” என்கிறார். எல்லாவற்றையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடில், நானே திரும்ப அடித்தேன். கட்டுரை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

அப்புறம் மௌனம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஃபார்மில் ‘பரிசீலனையில்’ என்று ஒரே வரி. ஒரு மெயில் போட்டேன், பரிசீலனைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், இதைச் செய்கிறவர்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நியாயம்தான், ஆனால் மூன்றாம் மாதம் நியாயம் பேசுவது கஷ்டம்.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. இரண்டு பேர் படித்திருந்தார்கள். ஒருவர் ஒன்றரைப் பக்கம், இன்னொருவர் மூன்று பக்கம், மொத்தம் 27 குறிப்புகள். முடிவு: பெரிய அளவில் திருத்தி மறுபடி அனுப்பவும். முதல் வாசிப்பில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு நாள் திறக்கவே இல்லை. மேமிடம் காட்டினேன். அவர் மெதுவாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, “என் பிஎச்.டி.க்குக்கூட இவ்வளவு கவனமா யாரும் படிக்கலம்மா” என்றார்.

முதல் ஆள் சொன்னது இது. கட்டுரையில் ‘ஃப்ளோ’ என்ற சொல் 19 இடத்தில் வருகிறது. அது அமெரிக்க விளம்பர டிவியைப் பார்த்து ஒருவர் உண்டாக்கிய சொல். அந்தச் சொல்லே இல்லாமல் இந்தக் கட்டுரையை உங்களால் எழுத முடியுமா என்று முயன்று பாருங்கள். முயன்றேன். நாலு பக்கம் காணாமல் போனது. அந்த நாலு பக்கத்தில் நான் சொந்தமாக ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது ஆள் இன்னும் கறார். ஆறாம் பக்கத்தில் ‘இந்த வீட்டுப் பெண்கள் மதியம் தெலுங்கு சீரியல் பார்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் கேட்டிருந்தார்: நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா? எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? சத்தம் எவ்வளவு வைத்திருந்தார்கள்? ரிமோட் யார் கையில்? ‘பார்க்கிறார்கள்’ என்றால் என்ன செய்கிறார்கள்? கூடவே, 1986-இல் டேவிட் மோர்லி தென் லண்டனில் 18 குடும்பங்களின் வீட்டுக்குள் போய் இதையெல்லாம் கேட்டு எழுதினார், அதைப் படியுங்கள் என்று ஒரு வரி. மோர்லி போன பல வீடுகளில் ரிமோட் அப்பாவின் கையில் இருந்தது.

உண்மை என்னவென்றால் நான் அந்த அறையில் இல்லை. சின்ன வயதில் லீவுக்குப் போனபோது பார்த்ததை வைத்தும், அத்தையிடம் போனில் பேசியதை வைத்தும் எழுதியிருந்தேன். கண்டுபிடித்துவிட்டார், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

நவம்பரில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி வேப்பனப்பள்ளி போனேன். மூன்று நாள் மதியமும் ராத்திரியும் அங்கேயே. சுவரோரம் அந்த அரசாங்கத்து 14 இன்ச் டிவி இன்னும் இருக்கிறது, படம் வராது, அதன் தலைமேல்தான் புது எல்.இ.டி. டிவி நிற்கிறது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர், இரண்டு ரப்பர் பேண்ட். ரிமோட் அத்தையின் மாமியார் மடியில். அந்த அவ்வாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, பட்டன் எது என்று தெரியாது. சேனல் மாற்ற வேண்டுமென்றால் ரிமோட்டை அத்தையிடம் நீட்டுவார், மாற்றியதும் கையை நீட்டித் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். மூன்று நாளும் ஒரு தரம்கூட அது வேறு இடத்தில் தங்கவில்லை.

பக்கத்து வீடுகளிலிருந்து நாலு பெண்கள் வருவார்கள், நடுவில் கடலைக்காய்க் குவியல், எல்லோரும் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தரும் டிவியைப் பார்க்கவில்லை. நான் எண்ணினேன், அரை மணி நேர சீரியலில் அத்தை தலை நிமிர்ந்தது ஏழு முறை. மற்ற நேரமெல்லாம் காதுதான். பின்னணி இசை ‘டொய்ங்’ என்று ஒரு மாதிரி வந்தால் மட்டும் ஐந்து தலையும் சேர்ந்து நிமிரும், யார் முகத்தைக் காட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் குனிந்துகொள்ளும். சத்தம் முப்பதுக்கு மேல். ராத்திரி தமிழ் சீரியல் ஓடும்போது சத்தம் பன்னிரண்டு, மாமா தூங்குகிறார், அத்தை வேறு வேலை எதுவும் இல்லாமல் கண் எடுக்காமல் பார்க்கிறார். அதே டிவி, அதே ஆள், இரண்டும் ஒன்றே இல்லை.

பழைய கட்டுரையில் அத்தை தெலுங்கு பார்ப்பதற்கு ‘எல்லைப்புறக் கலப்புப் பண்பாடு’ என்று பெரிதாகக் காரணம் எழுதியிருந்தேன். கேட்டால்தானே தெரியும். கல்யாணமாகி வந்தபோது அத்தைக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாதாம். “உங்க மாமா காலைல போனா ராத்திரிதான். வீட்டுல நானும் இந்தம்மாவும். அது திட்டுனா எனக்குப் புரியாது, நான் திட்டுனா அதுக்குப் புரியாது. அப்புறம் எப்படிக் குடும்பம் நடத்தறது? சீரியல் பார்த்துத்தான்டி கத்துக்கிட்டேன்.” அவ்வா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் புரிந்தது போலச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வரிக்காகக் கட்டுரையின் பாதியைத் திரும்ப எழுதினேன். சீரியல் பெண்களைக் கெடுக்கிறது, மாமியார் மருமகள் சண்டையைக் கற்றுக்கொடுக்கிறது என்று சொல்வார்களே, ஒரு விதத்தில் உண்மைதான், சண்டை போட மொழி வேண்டுமே.

(இன்னொன்றும் கவனித்தேன், கட்டுரையில் சேர்க்க இடமில்லை. சீரியல் தொடக்கத்தில் நேற்று நடந்ததை ஓட்டிக் காட்டும்போது அவ்வா அதைக் கூத்தில் கதையை எடுத்துச் சொல்கிற கட்டியங்காரன் பேச்சு என்கிறார். எங்கள் பக்கம் பாரதக்கூத்து பல ராத்திரி நடக்கும், பகலில் பாரதம் படிப்பார்கள், கடைசியில் துரியோதனன் படுகளம். தொடரும் போட்டுக் கதை கேட்பது இந்த ஊருக்கு டிவி கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை. யாராவது இதை எழுதுங்கள், நான் எழுதுவதற்குள்.)

திருத்தி அனுப்ப டிசம்பர் 15 கெடு. டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளை எல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, நெட் சென்டருக்குள் தண்ணீர். நடுங்கிக்கொண்டே மெயில் போட்டேன். அன்றைக்கே பதில்: குடும்பத்தில் எல்லோரும் பத்திரமா, நாலு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கில் பாதி இதற்கு.

பேட்டி கொடுத்தவர்களின் சம்மதம், பெயர் மாற்றம், இதெல்லாம் கட்டாயம் கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியில் கலைப் பாடங்களுக்கு இதையெல்லாம் சரிபார்க்கும் கமிட்டியே இல்லை, மேம் லெட்டர்பேடில் கடிதம் கொடுத்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள். அத்தைக்குத்தான் கோபம். கட்டுரையில் அவருக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும், “கதையெல்லாம் என்னுது, பேர் மட்டும் எவளோடதோ போடுவியா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

படிப்பதற்கான பிரச்சினை தனி. ரிவ்யூவர் படிக்கச் சொன்ன கட்டுரைகளில் பாதிக்கு மேல் பூட்டு, ஒன்றைத் திறக்க மூவாயிரம் ரூபாய் கேட்கிறது. மத்திய அரசு 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா என்று பதின்மூன்றாயிரம் இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது, நல்ல விஷயம்தான், ஆனால் தனியார் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் இடம் இல்லை. அரசுக் கல்லூரித் தோழி ஒருத்தி இரண்டு எடுத்துக் கொடுத்தாள். மற்றதற்கு எழுதியவர்களுக்கே மெயில் போட்டேன், ஆறு பேரில் ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள், ஒருவர் கூடவே என் கட்டுரை வந்ததும் எனக்கு அனுப்பு என்றார்.

எபிசோடை மேற்கோள் காட்ட ஒளிபரப்பான தேதி, சேனல், நேரம் எல்லாம் கேட்டார்கள். பிரிட்டனில் மாணவர்கள் பழைய ஒளிபரப்பைப் பார்க்க ‘பாக்ஸ் ஆஃப் பிராட்காஸ்ட்ஸ்’ என்று ஒரு சேவை இருக்கிறது, அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968-லிருந்து செய்திகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நான் அத்தையின் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசைக்கு முந்தின நாள் அந்த எபிசோட் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆப்பில் சரிபார்த்தேன், சரியாக இருந்தது.

மார்ச்சில் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு காப்பி எடிட்டர் 43 கேள்விகளோடு வந்தார். பெரும்பாலும் காற்புள்ளி. ஆனால் 31-ஆவது கேள்வி அருமையானது. கட்டுரையில் அத்தையை ‘ஆன்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1999-இல் சன் டிவியில் வந்த ‘சித்தி’ தொடரின் தலைப்பையும் ‘ஆன்ட்’ என்றே மொழிபெயர்த்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே உறவா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் தங்கை சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. அப்பாவின் அக்கா தங்கை அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை, கட்டிக்கொண்டால் மாமியாரும் அத்தை. இதை ஆங்கிலத்தில் விளக்க அடிக்குறிப்பு எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இரண்டு சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்வோம் என்று அவரே சொல்லிவிட்டார். 1,800 ரூபாய் வாங்கியவர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ட்ரான்ஸாக்ஷன் ஐ.டி. என்ன என்பது.

2025 ஜூலையில் வெளியானது. சான்றிதழ் கிடையாது, தங்க பார்டர் கிடையாது, ஒரு லிங்க், ஒரு நன்றி மெயில். வேலைக்கோ எம்.ஏ. அட்மிஷனுக்கோ உடனே பயன்படும் என்று நினைத்து அனுப்புகிறவர்கள் அனுப்ப வேண்டாம், அந்த அவசரத்துக்கு இது தோதுப்படாது. ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதை யாராவது கவனமாகப் படித்துக் கேள்வி கேட்டால் தேவலாம் என்று இருப்பவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

இனி அந்த ஒரு மார்க். ஃபார்மில் பெயர் என்று ஒரு பெட்டி, குடும்பப் பெயர் என்று இன்னொரு பெட்டி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டேன், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் கத்தியது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். ப்ரூஃப் வந்தபோது மாற்றச் சொல்லி இரண்டு மெயில், பதிவு போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில். பெயரைச் சுருக்கிக் குறிப்பிடும் இடத்தில் எல்லாம் அந்தக் குடும்பப் பெயர்தான் நிற்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை, போன மாதம் பெங்களூரில் ஒரு மாணவி தன் கட்டுரையில் என்னுடையதை மேற்கோள் காட்டும் வரைக்கும். எங்கள் அப்பா ராயக்கோட்டை மண்டியில் தக்காளி லோடுக்குக் கணக்கு எழுதுகிறவர், டிவி என்றால் செய்தி மட்டும். அந்த வரியில் அப்பா பெயரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 2025 என்று வருடத்தைப் போட்டு, சீரியல் ஒரு மொழி வகுப்பாக இயங்குகிறது என்று அவர் வாதிடுகிறார் என்று எழுதியிருந்தது. படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

“சரிம்மா, இன்னும் என்னென்ன சொல்லியிருக்கேன்?”